மூச்சை வெளியே விட முடியாத நோய்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மலைக் கடக்கிறவர் பலவற்றைச் சேர்த்தே உள்ளே இழுக்கிறார். நாகல்கேணிப் பக்கமிருந்து வரும் தோல் நெடி, லாரிகள் கிளப்பும் புழுதி, டீசல் புகை, காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊறிய சுவர்களில் பூஞ்சை பூக்கும். அதே ஈரத்தில் மெத்தைக்குள்ளும் தலையணைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகும். மார்கழிக் கடைசியில் போகி. 2018ஆம் ஆண்டு போகி காலையில் பனியும் புகையும் சேர்ந்து மீனம்பாக்கம் ஓடுபாதையை மறைத்துவிட, இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானம் திரும்பிப் போய்விடலாம். ஓடுபாதையை ஒட்டிய பம்மலிலும் பொழிச்சலூரிலும் அனகாபுத்தூரிலும் குடியிருப்பவர்கள் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தாக வேண்டும்.

உள்ளே போகும் எல்லாமே நுரையீரலில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. எது எங்கே தங்குகிறதோ அதற்கேற்ப நோய் அமைகிறது. பல்லாவரம், பம்மல், திரிசூலம் குன்றுகள் சார்னோக்கைட் என்னும் கருங்கல்லால் ஆனவை; அதில் குவார்ட்ஸ் உண்டு. குவார்ட்ஸ் கலந்த கல்லை உடைத்து ஜல்லியாக்கும்போது பறக்கும் தூசியில் மிக நுண்ணிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைக்கோடி வரை போய்விடும். அங்கே காற்றறைகளின் சுவரில் தழும்பை உண்டாக்கும். கல் உடைப்பவர்களைத் தாக்கும் சிலிக்கோசிஸ் இதுதான். அந்தத் தழும்பு ஆறுவதில்லை.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் வரக் காரணமான மருத்துவமனை இன்னொரு நோய்க்காகத் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து. கணிதமேதை ராமானுஜன் 1917இல் அவரிடம்தான் சிகிச்சைக்குச் சேர்ந்தார். அதே சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது; இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. காசநோய்க் கிருமி நுரையீரல் திசுவையே அரித்துக் குழி பறிக்கும். மருந்தால் கிருமி செத்தாலும் குழியின் வடு தங்கிவிடும்.

ஆஸ்துமா இந்த இரண்டையும் போன்றதல்ல. அதில் காற்றறைகள் கெடுவதில்லை. காற்றறைக்குப் போகும் வழி அடைபடும், திறக்கும், மறுபடி அடைபடும். இளைப்பு, இரைப்பு, வீசிங் என்று எந்தப் பெயரில் நம் வீடுகளில் பேசப்பட்டாலும் நோய் வழியில் இருக்கிறது, அறையில் இல்லை. அதற்கான மருந்துகளின் கதை முழுவதும் இந்த ஒரு உண்மையிலிருந்தே கிளம்புகிறது.

கால் நொடியில் முடியும் வேலை

முதலில் கெடாத இடத்தைப் பார்த்துவிடுவோம். சாதாரணமாக ஒரு மூச்சில் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகி, ஏறத்தாழ 23 முறை கிளைக்கிறது. முதல் பதினாறு பிரிவுகள் வெறும் பாதை. அங்கே வாயு மாற்றம் எதுவும் நடப்பதில்லை. உள்ளே இழுத்த 500 மில்லிலிட்டரில் சுமார் 150 மில்லிலிட்டர் அந்தப் பாதையிலேயே நின்று, அப்படியே வெளியே வந்துவிடும். மீதி 350 மில்லிலிட்டர்தான் காற்றறைகளைச் சேர்கிறது.

காற்றறைகள் முப்பது கோடி முதல் ஐம்பது கோடி வரை இருக்கும். ஒவ்வொன்றின் குறுக்களவும் சுமார் 0.2 மில்லிமீட்டர். எல்லாவற்றின் உட்சுவரையும் பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டருக்குக் குறையாது. பம்மலில் விற்கும் 750 சதுர அடி இரண்டு படுக்கையறை வீடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பரப்பு நெஞ்சுக்கூட்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. அந்தச் சுவரின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம். இடையிலுள்ள தடிமன் அரை மைக்ரான் அளவுதான். நுண்குழாய்கள் எவ்வளவு குறுகியவை என்றால், சிவப்பணுக்கள் ஏறத்தாழ ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில்தான் போக முடியும்.

இங்கே ஆக்சிஜனை இறைத்துத் தள்ளும் கருவி எதுவும் கிடையாது. அழுத்த வித்தியாசம் மட்டுமே வேலை செய்கிறது. காற்றறையில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம்; உடலைச் சுற்றிவிட்டு வரும் ரத்தத்தில் 40. அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு ஆக்சிஜன் தானாகவே கடந்துவிடுகிறது. கரியமில வாயுவுக்கு எதிர்த்திசை: ரத்தத்தில் 45, காற்றறையில் 40. வித்தியாசம் வெறும் ஐந்துதான், ஆனாலும் போதும். ஆக்சிஜனைக் காட்டிலும் கரியமில வாயு சுமார் இருபது மடங்கு எளிதாகச் சுவரைக் கடக்கும். ஒரு சிவப்பணு காற்றறையை ஒட்டிய நுண்குழாயில் இருக்கும் நேரம் முக்கால் நொடி. ஆக்சிஜன் நிரம்புவதற்குத் தேவையானது கால் நொடி. மீதி அரை நொடி இருப்பு. ரயிலைப் பிடிக்கப் பல்லாவரம் நடைமேம்பாலத்தில் ஓடும்போது ரத்தத்தின் வேகம் கூடி நேரம் சுருங்கினாலும் சிவப்பணு நிரம்பாமல் போவதில்லை என்றால், அந்த இருப்புதான் காரணம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இப்படி ரத்தத்துக்குள் போகிறது.

எந்த நேரமும் ஈரமாக இருக்கும் இந்த நுண்ணறைகள் நீரின் மேற்பரப்பு இழுவிசையால் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு, அறைச்சுவரே சுரக்கும் ஒரு கொழுப்புப் படலம் உதவுகிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததற்கு அந்தப் படலம் போதாமையே காரணம் என்று 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரே மீடும் காட்டினார்கள். அது தனிக் கதை. ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்தப் படலம், சுவர், நுண்குழாய் எல்லாம் அநேகமாகச் சரியாகவே இருக்கின்றன.

பாதி குறுகினால் பதினாறு மடங்கு

மூச்சுக்குழல் கிளைகளின் சுவரில் வளைய வளையமாகத் தசை இருக்கிறது. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசை. இது அங்கே எதற்காக இருக்கிறது என்பதற்கு உடலியங்கியலில் இன்னும் ஒருமித்த பதில் இல்லை. அது செய்யும் கேடு மட்டும் நன்றாகவே தெரியும்.

குழாயின் ஆரம் பாதியானால் அதன் வழியே காற்றைச் செலுத்துவதற்கான தடை இரண்டு மடங்காகவோ நான்கு மடங்காகவோ கூடுவதில்லை, பதினாறு மடங்காகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் புவாசெய் கண்ட விதி இது. சின்னச் சுருக்கம் ஏன் இவ்வளவு பெரிய திணறலைத் தருகிறது என்பதற்கும், மருந்து குழாயைக் கொஞ்சமே விரித்தாலும் ஏன் அவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்பதற்கும் விளக்கம் இதில் இருக்கிறது.

ஆஸ்துமாவில் குழாய் மூன்று விதமாகக் குறுகுகிறது: தசை இறுகுகிறது, உட்தோல் வீங்குகிறது, கெட்டிச் சளி துவாரத்தை அடைக்கிறது. தொடக்கம் பெரும்பாலும் ஒவ்வாமை. கிமிஷிகே, டெருகோ இஷிசாகா தம்பதி 1966இல் அடையாளம் கண்ட ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதம், குழாயின் சுவரிலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். தூசிப்பூச்சியின் கழிவோ கரப்பான்பூச்சியின் துகளோ வந்து பட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினையும் லூக்கோட்ரையீன்களையும் வெளியே கொட்டும். சில நிமிடங்களில் தசை இறுகிவிடும். அது அடங்கினாலும் விஷயம் முடிவதில்லை. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து, அழைத்து வரப்பட்ட ஈசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் குழாய்ச்சுவரில் நிறைந்து இரண்டாவது அலையைக் கிளப்பும். பகலில் தூசி கிளம்ப வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தவருக்கு அன்றிரவு இளைப்பு வருவதுண்டு. சாயங்காலம் சாப்பிட்ட வாழைப்பழத்தின் மேல் பழி விழும். குரோமியம் சேர்த்துப் பதனிடும் தோல் தொழிலில், குரோமிய உப்புகளே சிலருக்கு இதே ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை.

இரண்டாவது அலை ஓய்ந்து, இளைப்பு இல்லாத நாட்களிலும் வீக்கம் அடங்கிய நெருப்பாகக் குழாய்ச்சுவரில் இருந்துகொண்டே இருக்கும். இதுதான் நோய். இளைப்பு அதன் வெளிப்பாடு மட்டுமே.

அட்டாக் வந்தவர் “மூச்சு இழுக்க முடியலை” என்பார். உண்மையில் அவரால் மூச்சை விட முடியவில்லை. உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழாய்களும் சற்று விரிகின்றன. வெளியே விடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, ஏற்கெனவே குறுகிய குழாய்கள் மேலும் நெரிகின்றன. வீசிங் சத்தம் வெளிமூச்சில் அதிகம் கேட்பது அதனால்தான். பழைய மூச்சு முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே வந்துவிட, காற்று உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். நெஞ்சு உப்பி, தோள்பட்டை தூக்கி நிற்கும். நுரையீரல் நிரம்பி வழியும் நிலையில்தான் அவர் காற்றுக்குத் தவிக்கிறார். முதுகைத் தட்டிக்கொடுத்து “நல்லா இழுத்து மூச்சு விடும்மா” என்று சொல்லும் அத்தையின் பரிவு பெரிது. ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்குத் தேவை, மெதுவாக நீளமாக மூச்சை வெளியே விடுவதும், உடனடியாக மருந்தும்.

காற்றறை நன்றாக இருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏன் குறைகிறது என்ற கேள்வி எழும். எல்லாக் குழாய்களும் ஒரே அளவில் அடைபடுவதில்லை என்பதே காரணம். அடைபட்ட பகுதிக்கும் ஓரளவு ரத்தம் போகத்தான் செய்கிறது. போன ரத்தம் ஆக்சிஜன் பெறாமல் திரும்பி வந்து மற்ற ரத்தத்தோடு கலக்கிறது. திறந்திருக்கும் பகுதி இன்னும் வேகமாக வேலை செய்து இந்தக் குறையை ஈடுகட்டலாமே என்று தோன்றும். கரியமில வாயுவைப் பொறுத்தவரை அது முடிகிறது. வேகமாக மூச்சுவிட்டால் அதை இன்னும் அதிகமாக வெளியே தள்ளலாம். ஆக்சிஜனுக்கு முடியாது. நல்ல பகுதியில் ஓடும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது. அதற்கு மேல் ஏற்றிக்கொள்ள அதில் இடமில்லை.

ஆகவே அட்டாக்கின் ஆரம்பத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும் கரியமில வாயு கூடுவதில்லை. வேகமான மூச்சினால் அது வழக்கமான 40க்கும் கீழே, 35க்கும் கீழே கூட இறங்கிவிடும். நேரம் ஆக ஆக நெஞ்சுத் தசைகள் களைத்துப்போகும். அப்போது கரியமில வாயு மெல்ல ஏறத் தொடங்கி, வழியில் 40ஐத் தொடும். ரத்தப் பரிசோதனைத் தாளில் அந்த எண் இயல்பு என்றுதான் அச்சாகி வரும். திணறும் ஆஸ்துமா நோயாளியிடம் அந்த இயல்பான எண்ணைப் பார்த்தால் அனுபவமுள்ள மருத்துவர் அவசரமாக ஐசியுவுக்கு ஏற்பாடு செய்வார், ஏனெனில் அது ஏறிக்கொண்டிருக்கும் எண். அதே போன்றதுதான் சத்தம் நின்றுபோவதும். வீசிங் சத்தம் எழும்பவே காற்று ஓட வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் தவிப்பவரின் நெஞ்சு அமைதியானால் அவருக்குச் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டிய நேரம் அது. கொரோனா காலத்தில் வாங்கிவைத்த பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆக்சிஜனை மட்டுமே காட்டும். கரியமில வாயுவைக் காட்டாது.

மதராஸிலிருந்து போன புகை

குழாயில் நோய் என்றால் மருந்தைக் குழாய்க்கே அனுப்பலாம் என்ற யோசனை நம் கடற்கரையிலிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். செடிகொடிகளில் தீராத ஆர்வம் உள்ளவர். சாயப் பூச்சி வளர்ப்பதற்கென்று கள்ளித் தோட்டமே போட்டவர். இங்கே மூச்சிரைப்புக்காரர்கள் ஊமத்தையை உலர்த்திப் புகைத்து நிவாரணம் பெறுவதைக் கண்டு, தம்மிடம் வந்தவர்களுக்கும் அதைப் பரிந்துரைத்தார். ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி அந்த முறையை 1802இல் பிரிட்டனுக்குக் கொண்டு சேர்த்தார். நம் ஊமத்தை அங்கே கிடைக்காததால் அதன் உறவுச் செடியான டாட்டூரா ஸ்ட்ராமோனியத்தை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆஸ்துமா சிகரெட்டுகள் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் விற்றன. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் இளைப்புக்காக நாடிய மருந்துகளில் அவையும் இருந்தன.

அந்தப் புகை எப்படி வேலை செய்தது என்பது பின்னால்தான் விளங்கியது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின், குழாய்த் தசையை இறுகச் சொல்கிறது. நரம்பு இப்படி ரசாயனத்தால் பேசுகிறது என்பதை 1921இல் தவளையின் இதயத்தை வைத்து ஓட்டோ லூவி நிரூபித்தார். ஊமத்தையிலுள்ள அட்ரோபின் வகைப் பொருட்கள் தசையின் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொண்டு அசிட்டைல்கோலினுக்கு இடம் தர மறுக்கின்றன. தசை தளர்கிறது. ஆனால் அதே பொருட்கள் ரத்தத்தில் கலந்து வாயை உலர்த்தும், கண்மணியை விரிக்கும், இதயத்தைப் படபடக்க வைக்கும், மூளைக்குள் நுழைந்து பிதற்ற வைக்கும். ஊமத்தை விஷம், அளவு சற்று மீறினாலும் உயிர் போகும். புகையும் தன் பங்குக்குக் குழாயை எரிச்சலூட்டும். யாரும் அதை வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது.

வேதியியலாளர்கள் அட்ரோபின் மூலக்கூறின் நைட்ரஜனில் ஒரு நிரந்தர நேர்மின்சுமை இருக்கும்படி மாற்றினார்கள். மின்சுமை உள்ள மூலக்கூறு கொழுப்புச் சவ்வுகளை எளிதில் தாண்டாது. அதனால் மூச்சில் இழுத்தால் குழாயில் தங்கி வேலை செய்யும். ரத்தத்துக்கும் மூளைக்கும் அநேகமாகப் போகாது. 1970களில் வந்த இப்ரட்ரோபியம் அதுதான். இன்று அவசரப் பிரிவில் குழந்தையின் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி நெபுலைசர் வைக்கிறார்களே, அதில் ஊற்றும் டியோலின் மருந்தில் இரண்டு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று லெவோசால்பியுட்டமால், மற்றொன்று இந்த இப்ரட்ரோபியம். ஊமத்தை இலையின் வழிவந்த மருந்து அதே ஊருக்கு நுண்துளிகளாகத் திரும்பி வந்திருக்கிறது. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பதும் தாம்பரம் சானடோரியத்தில்தான். நெஞ்சக மருத்துவமனையும் சித்த நிறுவனமும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்திருப்பது இந்த வரலாற்றுக்குப் பொருத்தமாகவே படுகிறது. (ஆடாதோடைக்கும் இப்படி ஒரு வழித்தோன்றல் உண்டு. அதன் வாசிசினிலிருந்து பிறந்த புரோம்ஹெக்சின் நம் இருமல் சிரப்புகளில் இருக்கிறது. அது சளியை இளக்கும், ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தாது.)

இரண்டு இன்ஹேலர்கள்

தசையை இறுக்கும் நரம்பைத் தடுப்பது ஒரு வழி. தளர்த்தும் கட்டளையை நேரடியாகக் கொடுப்பது இன்னொரு வழி. அதைத்தான் உடலின் அட்ரினலின் செய்கிறது. ஜோகிச்சி தகாமினே 1901இல் அதைப் பிரித்தெடுத்த சில ஆண்டுகளிலேயே ஆஸ்துமாவுக்கு ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். குழாய் விரியும், கூடவே இதயமும் துள்ளும். அட்ரினலினுக்கு உடலில் ஒரே வகை ஏற்பி இல்லை என்று 1948இல் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் சொன்னார். இதயத்தில் பீட்டா-1, மூச்சுக்குழல் தசையில் பீட்டா-2 என்ற பிரிவினை 1967இல் தெளிவானது. இதயத்தைத் தொந்தரவு செய்யாமல் பீட்டா-2ஐ மட்டும் தட்டி எழுப்பும் மூலக்கூறைத் தேடிய டேவிட் ஜாக்கின் குழு, இங்கிலாந்தில் சால்பியுட்டமாலைக் கண்டறிந்தது. 1969இல் அது விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் அஸ்தலின் என்றால்தான் தெரியும்.

சால்பியுட்டமால் ஏற்பியில் அமர்ந்ததும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருள் பெருகுகிறது. தசை சுருங்குவதற்குத் தேவையான கால்சியம் குறைகிறது. ஐந்து நிமிடத்துக்குள் தசை தளர்ந்து, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் அப்படியே இருக்கும். தசை மட்டும்தான் தளரும். வீக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும், சளி இருந்த இடத்திலேயே இருக்கும்.

மருந்தை மாத்திரையாக விழுங்குவதற்கும் பஃப்பாக இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எண்களில் பார்த்தால் ஒரு பெரிய பயம் நீங்கும். ஒரு சால்பியுட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரைக்கு நாற்பது பஃப். மாத்திரையும் சிரப்பும் குடலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடல் முழுக்கச் சுற்றி, கைநடுக்கமும் படபடப்பும் தந்துவிட்டு, அதில் ஒரு பங்கு குழாய்க்கு வந்து சேரும். பஃப் நேரே அங்கே போகிறது. ஆனால் “சிரப் குடும்மா, பஃப் வேணாம், அது கடைசி மருந்து” என்ற பேச்சு இன்றும் நம் வீடுகளில் கேட்கிறது. வீரியமான மருந்து என்று பயந்து, பல மடங்கு மருந்தைக் குழந்தைக்கு ஊட்டுகிறோம். தெருமுனை கிளினிக்கில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் டெரிபிலின் ஊசியும் இப்படித்தான். அதிலுள்ள தியோபிலின் குழாயை விரிக்கும். பயன் தரும் அளவுக்கும் வாந்தி, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு தரும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. இன்ஹேலர் கைக்கு வந்துவிட்ட காலத்தில் அதை முதல் மருந்தாகக் கேட்பதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வீக்கத்துக்கு மருந்து வேறு: ஸ்டீராய்டு. 1972இல் பெக்லோமெத்தசோன் இன்ஹேலராக வந்தபோதுதான் ஆஸ்துமா சிகிச்சை உண்மையில் மாறியது என்பது என் எண்ணம். ஸ்டீராய்டு செல்லுக்குள் புகுந்து, தன் ஏற்பியோடு சேர்ந்து கருவுக்குள் போய், வீக்கத்தை உண்டாக்கும் புரதங்களுக்கான மரபணுக்களை அடக்குகிறது. ஈசினோஃபில்கள் குறைகின்றன. பீட்டா-2 ஏற்பிகள் கூடுகின்றன. மரபணு வழியாக நடக்கும் வேலை என்பதால் நிமிடங்களில் பலன் தெரியாது. நாட்களும் வாரங்களும் ஆகும். போட்ட உடனே ஆறுதல் தரும் நீல நிற சால்பியுட்டமால் இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போட்டும் ஒன்றும் தெரியாத தடுப்பு இன்ஹேலரை அலமாரியில் மறந்துவிடுவது இதனால்தான்.

இதன் விலை பெரிது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாண நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து சாமி சுவிசாவும் அவர் குழுவினரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவீதம் குறைந்தது. 2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டில் உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியர்கள். ஆஸ்துமா மரணங்களிலோ நம் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. நம் நுரையீரல் மற்றவர்களுடையதைவிடப் பலவீனமானது அல்ல. தடுப்பு மருந்து போய்ச் சேரவில்லை, சேர்ந்த இடத்தில் பயன்படுத்தப்படவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று இன்ஹேலரைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைக்கும் வீடுகள் இருக்கும்வரை இந்தக் கணக்கு மாறுவது கடினம்.

“பழக்கமாயிடும்” என்ற பயத்தை ஏளனம் செய்வது சரியல்ல. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தடுப்பு இன்ஹேலரை நிறுத்தினால் சில வாரங்களில் இளைப்பு திரும்புவதை மக்கள் கண்ணால் பார்க்கிறார்கள். மருந்து அடிமையாக்கியதால் அப்படி ஆகவில்லை. அடக்கி வைத்திருந்த வீக்கம் மறுபடி தலைதூக்குகிறது. உண்மையில் அடிக்கடி போடப் போட உடல் பழகிப்போவது நீல இன்ஹேலருக்குத்தான்: தொடர்ந்து தட்டப்படும் பீட்டா-2 ஏற்பிகள் குறைந்து, மருந்தின் பலன் மங்கும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் பக்கவிளைவுகள் உண்டு. வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம், குரல் கம்மலாம். போட்டபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெருமளவு தவிர்க்கலாம். குழந்தைப் பருவத்தில் தொடங்கியவர்கள் வளர்ந்தபின் உயரம் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருப்பதாக அமெரிக்க ஆய்வு காட்டியது. இதைப் பெற்றோருக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் போக முடியாத நாட்களையும் இரவில் தூக்கமின்றி உட்கார்ந்திருக்கும் நேரங்களையும் மறுபக்கம் வைத்து அவர்களே எடைபோட்டுக்கொள்ளட்டும்.

மருந்து சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால் கையைப் பார்க்க வேண்டும். துகள் ஐந்து மைக்ரானைவிடப் பெரிதானால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும்; ஒன்று முதல் ஐந்து வரையான துகள்களே சிறு குழாய்களுக்குப் போகும். அழுத்தி அடிக்கும் இன்ஹேலர் 1956இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத்திலிருந்து வந்தது. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல மருந்தும் ஏன் வரக் கூடாது என்று ஆஸ்துமா இருந்த பதின்மூன்று வயதுச் சிறுமி கேட்டதுதான் அதற்குத் தூண்டுதல். அவள் தந்தை ஜார்ஜ் மெய்சன் அந்த நிறுவனத்தின் தலைவர். இந்த இன்ஹேலரிலிருந்து மருந்து சீறி வருவதால், அழுத்துவதையும் இழுப்பதையும் ஒன்றுசேர்க்கத் தெரியாவிட்டால் பெரும்பகுதி தொண்டைக்கே போய்விடும். இடையில் ஸ்பேசர் பொருத்தினால் வேகம் தணிந்து, பெரிய துகள்கள் அதிலேயே தங்கி, நல்ல பங்கு உள்ளே போகும். இந்த வகையில் மூச்சை மெதுவாக இழுத்துப் பத்து நொடி நிறுத்த வேண்டும். கேப்சூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலரில் முறை நேர்மாறு: நாம் இழுக்கும் வேகம்தான் பொடியை உடைத்துக் கிளப்புகிறது, ஆகவே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஒன்றின் முறையில் மற்றொன்றைப் போடுவது பரவலான தவறு. மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆறுதல் தரும் மருந்தையே மக்கள் கையில் எடுப்பார்கள் என்றால், தடுப்பு மருந்தை அதோடு சேர்த்துவிட்டால் என்ன? ஃபார்மோட்டெரால் என்ற பீட்டா-2 மருந்து மூன்று நிமிடத்துக்குள் வேலை செய்யத் தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். அதையும் புடெசோனைட் ஸ்டீராய்டையும் ஒரே இன்ஹேலரில் வைத்து, இளைப்பு வரும்போது மட்டும் இழுக்கச் சொன்ன சிக்மா-1 ஆய்வு 2018இல் வெளியானது. லேசான ஆஸ்துமா உள்ள 3,849 பேர் ஓராண்டு பங்கேற்றார்கள். ஆறுதல் மருந்தை மட்டும் இழுத்தவர்களோடு ஒப்பிட்டால் கடும் அட்டாக்குகள் 64 சதவீதம் குறைந்தன. தினமும் ஸ்டீராய்டு இழுத்தவர்களுக்கு அன்றாட இளைப்பு இன்னும் நன்றாக அடங்கியது உண்மை. ஆனால் கடும் அட்டாக்கைத் தடுப்பதில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்றே, அதுவும் அவர்கள் இழுத்த ஸ்டீராய்டில் 17 சதவீதத்தை மட்டும் கொண்டு. 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியுட்டமாலைத் தனியாகக் கொடுத்துச் சிகிச்சை செய்யும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. அந்தக் கூட்டு இன்ஹேலர் பம்மல் மெயின் ரோட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். நீல இன்ஹேலரை மட்டும் வருடக்கணக்காக வைத்திருப்பவர் அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது அதைப் பற்றிக் கேட்கலாம்.